அறுபது செக்கனுக்கு ஒருமுறை

வட்டக்கச்சியில் இரவு ஒன்பதே கால்.
சுவருக்குப் பின்னால் நிற்கிறவனை நான் கண்டுவிட்டேன்,
அவன் என்னைக் காணவில்லை.
விரலை அழுத்துகிறேன்.
படம் உறைகிறது.
மறுபடி அசையும்போது நான் செத்துக் கிடக்கிறேன்.
ஒஸ்லோவிலிருந்து நிரோஜினி காதுக்குள் கத்துகிறாள்:
"எங்கையடி போனனீ?"

எங்கேயும் போகவில்லை.
கதிரையில்தான் இருந்தேன்.

தம்பிக்கு எல்லாவற்றுக்கும் டவர்தான்.
மழை வந்தால் டவர். மழை வராவிட்டாலும் டவர்.
அவன் கூட்டாளி கஜவதனன்
யானைவேலியில் பழியைப் போட்டான்:
"டிக் டிக் எண்டு அடிக்குதெல்லே, அதுதான் அக்கா இழுக்குது."

வேலி செக்கனுக்கு ஒருதரம் அடிக்கும்.
நான் கொப்பியின் கடைசித் தாளில் குறித்துப் பார்த்தேன்.
ஒன்பது பதினாறு ஏழு.
ஒன்பது பதினேழு ஏழு.
ஒன்பது பதினெட்டு ஏழு.

பகல் முழுக்கச் சங்கத்தில்
ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்காகப் பேரேடு புரட்டுகிறவள் நான்.
இவ்வளவு ஒழுங்காய் வருகிற பிழையைப்
பிழை என்று நம்பமாட்டேன்.
யாரோ செய்கிறார்கள்.

சிங்கப்பூர் சேர்வரை விட்டுவிட்டு
யன்னலில் இருக்கிற றவுட்டரையே கூப்பிட்டேன்.
ஆறு முழத் தூரம்.
இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு,
நானூற்றுப் பதினேழு,
இரண்டு.
அப்படியென்றால் டவர் இல்லை. கடல் இல்லை.
சிங்கப்பூர்க்காரர் பாவம்.
கள்வன் அறைக்குள்ளேதான்.

டிரைவரைக் கழற்றிப் பழையதைப் போட்டேன்.
பற்றரி மிச்சம் பிடிக்கிற தெரிவை அணைத்தேன்.
சனலை ஆறிலிருந்து பதினொன்றுக்கு நகர்த்தினேன்.
சுதர்மன் கடையில் இரவல் வாங்கிய கேபிளைச் செருக
கோடு நேராய் ஓடியது,
இரணைமடு வாய்க்கால்கட்டு மாதிரி.
கழற்ற,
ஏழாம் செக்கனில் திரும்பவும் முள்.

மூன்றாம் இரவுதான் பிடிபட்டது.
லப்டொப் இணைந்துதான் இருக்கிறது. நல்ல பிடி, முழுக் கோடு.
ஆனாலும் நிமிசத்துக்கு ஒருதரம்
கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு
எல்லாச் சனலுக்குள்ளும் தலையை நீட்டிப் பார்க்கிறது,
வேறு ஆராவது இருக்கிறார்களா என்று.
பக்கத்து வீட்டு முருகன்துணை123.
சந்திச் சலூன்.
கோழிப்பண்ணைக் கமரா.
பார்த்துவிட்டு வருவதற்குள்
என்னைச் சுட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஒரு வரிக் கட்டளை: தானாகத் தேடுவதை நிறுத்து.
இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு.
அன்றிரவு ஐந்து ஆட்டம் ஆடி
நான்கில் தோற்றோம்.
சொல்ல இனி ஒரு சாட்டும் இல்லை.

மறுநாள் கரண்ட் போனது.
றவுட்டர் கண்ணை மூடிக்கொண்டது.
போனில் ஹொட்ஸ்பொட் போட்டுப் பக்கத்தில் வைத்தேன்,
லப்டொப்பில் ஒட்டினாற்போல.
அது காணவில்லை.
தேடாதே என்றவள் நான்.
அது தேடாமல்
அணைந்துபோன பெட்டியின் பெயர் ஒன்றையே
வைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே முகப்பில் இரண்டு பொத்தான் செய்தேன்.
ஆட்டத்துக்கு முன்: தேடாதே.
முடிந்தபின்: தேடு.

அம்மா ஏ-ஒன்பது வீதியோரக் கொட்டகையில்
பகலெல்லாம் படத்தோடு இருந்துவிட்டு வந்தவள்,
சார்ஜர் கேட்டு அறைக்குள் வந்தாள்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
முதலாம் பொத்தானை வாசித்தாள்.

"ஆர் சொன்னது?"

"கேமுக்கு அம்மா."

"ம்."

சார்ஜரைச் சுருட்டாமல் இழுத்துக்கொண்டு போனாள்.

பெயரை மாற்றிவிட்டேன்.
இப்போது ஒன்றில் "ஒன்று" என்றிருக்கிறது,
மற்றதில் "இரண்டு".
எது எதுவென்று சிலநாள் பிடிபடாமல்
பிழையானதை அழுத்திவிடுகிறேன்.
ஒன்பது பதினாறு ஏழுக்கு
சுவருக்குப் பின்னால் நிற்கிறவன் உறைகிறான்,
என் விரலும் அவனோடு.
நிரோஜினி கத்தத் தொடங்குகிறாள்.